இலையின் பச்சை, பாசியின் சிவப்பு: ஒளி பிடிக்கும் நிறங்களை வீட்டிலேயே பிரித்துப் பார்ப்பது எப்படி?

இலை பச்சை ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, அதனால் பச்சையாகத் தெரிகிறது என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் சொல்லிவிடும். அதைப் படித்த பிள்ளை அடுத்துக் கேட்கும் கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. அப்படியானால் கடற்பாசியான கட்டக்கோரை ஏன் பழுப்பாக இருக்கிறது? இன்னொரு கடற்பாசியான கஞ்சிப்பாசி ஏன் கருஞ்சிவப்பாக இருக்கிறது? அவையும் வெயிலை வாங்கித்தானே வளர்கின்றன?

மண்டபம், வேதாளை, தங்கச்சிமடம், கீழக்கரை என்று ராமநாதபுரம் கரையில் பாசி ஒதுங்கும் இடம் எதுவானாலும், அதற்கான பதில் காலடியில் கிடக்கிறது. பச்சை, பழுப்பு, சிவப்பு என்று எந்த நிறப் பாசியை எடுத்தாலும் அதற்குள் பச்சையம் இருக்கிறது. சிலவற்றில் வேறொரு நிறம் அதை மூடி நிற்கிறது, அவ்வளவுதான். ஒரு பாத்திரம் வெந்நீர், கொஞ்சம் அசிட்டோன், ஒரு வடிதாள், ஒரு டார்ச் லைட் இருந்தால் போதும். அந்த மூடியை விலக்கிக் காட்டிவிடலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க இவை எல்லாவற்றையும் செய்யலாம்.

செய்யும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் செடிக்குப் பயன்படும் ஒளியும் ஏறக்குறைய ஒரே எல்லைக்குள் அடங்குகின்றன: 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளம் வரை. 400 பக்கம் ஊதாவும் நீலமும், நடுவில் 500 முதல் 570 வரை பச்சை, 700 பக்கம் சிவப்பு. செடிகளில் முக்கியமான பச்சையம் இரண்டு. பச்சையம் ‘ஏ’ நீலத்தில் 430, சிவப்பில் 662 நானோமீட்டர் அருகே ஒளியை அதிகமாக உறிஞ்சும். பச்சையம் ‘பி’ 453, 642 அருகே உறிஞ்சும். இந்த எண்கள் கரைப்பானில் கரைத்து அளந்தவை. உயிருள்ள இலைக்குள் புரதத்தோடு பிணைந்திருக்கும்போது சிவப்புப் பக்கம் கொஞ்சம் தள்ளிப்போகும். இரண்டு சிகரங்களுக்கும் நடுவே இருக்கும் பள்ளம்தான் பச்சை.

பள்ளம் என்றால் வெற்றிடம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இலை பச்சை ஒளியை முழுக்கத் தள்ளிவிடுவதில்லை. மெல்லிய கீரை இலைகூட தன்மேல் விழும் பச்சை ஒளியில் சுமார் பாதியைப் பிடித்துக்கொள்ளும். தடித்த கரும்பச்சை இலைகளில் இது 80, 90 சதவீதம் வரை போகும். இலைக்குள் செல்களும் காற்றறைகளும் மாறிமாறி இருப்பதால் பச்சை ஒளி அங்கும் இங்கும் மோதித் திரும்புகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடுகிறது. நீலமும் சிவப்பும் மேல்தோலை ஒட்டிய அடுக்கிலேயே தீர்ந்துவிட, அடி அடுக்கில் இருக்கும் செல்களுக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் பச்சைதான். 1972ல் மெக்ரீ என்ற ஆய்வாளர் 22 வகைப் பயிர்களின் இலைகளை வெவ்வேறு நிற ஒளியில் வைத்து அளந்தபோது, பச்சை ஒளியிலும் ஒளிச்சேர்க்கை நன்றாகவே நடப்பது எண்களாகவே தெரிந்தது. ‘செடிக்குப் பச்சை ஒளி வேண்டாம்’ என்று கற்பிப்பதை நிறுத்த வேண்டும்.

பிடித்த ஒளியை வைத்துச் செடி செய்வது இது: நிறமி ஒரு ஒளித்துகளை வாங்கியதும் அதன் எலக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவுகிறது. அந்த ஆற்றல் பக்கத்து நிறமிக்குக் கைமாறிக் கைமாறி, ஒளியாற்றல் வேதி வேலையாக மாறும் இடமான எதிர்வினை மையத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு தனிப்பட்ட பச்சையம் ‘ஏ’யிடம் வந்து சேர்கிறது. அங்கே தண்ணீர் உடைந்து ஆக்சிஜன் வெளியேறுகிறது. எலக்ட்ரான்கள் கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கும் வேலைக்குப் போகின்றன. ஒரு கரியமில வாயு மூலக்கூறுக்குக் குறைந்தது 8 ஒளித்துகள்கள் வேண்டும். நீல ஒளித்துகளில் சிவப்பைவிட ஆற்றல் அதிகம் என்றாலும், மிகுதி ஆற்றல் உடனே வெப்பமாகப் போய்விடும். ஆகவே வேலைக் கணக்கில் ஒரு நீலத்துகளும் ஒரு சிவப்புத்துகளும் ஏறத்தாழ ஒன்றுதான்.

பாசி எடுக்கும் இடமும் நேரமும்

கரை ஒதுங்கிய பாசி மட்டும் போதும். பாறையில் ஒட்டியிருப்பதைப் பிடுங்க வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது.

வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் வடகடல், அதாவது பாக் விரிகுடாப் பக்கம் அலை கூடி நிறைய ஒதுங்கும். கச்சான் என்ற மேல்காற்றுக் காலத்தில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம். விடியற்காலையில் போவது நல்லது. பத்து மணி வெயில் ஏறிவிட்டால் மேலே கிடக்கும் பாசி நிறம் வெளுக்கத் தொடங்கிவிடும், பிறகு எந்தச் சோதனைக்கும் ஆகாது. குவியலின் அடியில், ஈரமாக, அழுத்தமான நிறத்தோடு இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பச்சைக்கு: மெல்லிய தகடாக, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும் உல்வா. பழுப்புக்கு: சிறு காற்றுக்குமிழ்களோடு புதராக இருக்கும் கட்டக்கோரை, அல்லது பக்கோடாப் பாசி. சிவப்புக்கு: கஞ்சிப்பாசி அல்லது மரிக்கொழுந்துப் பாசி. சிவப்புப் பாசி எடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆழம் குறைந்த இடத்தில் கடும் வெயிலில் வளர்ந்த கஞ்சிப்பாசி மஞ்சளோடிய பழுப்பாக இருக்கும். அதில் சிவப்பு நிறமி குறைவு. கருஞ்சிவப்பாக இருக்கும் கொத்தையே எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு கைப்பிடி போதும். கடல்நீர் ஊற்றிய வாளியில், ஈரச் சாக்கு போட்டு மூடிக் கொண்டுவர வேண்டும். நல்ல தண்ணீரில் ஊறவைத்துவிட்டால் சிவப்புப் பாசியின் நிறம் வீடு வருவதற்குள் கசிய ஆரம்பித்துவிடும்.

வெந்நீர்ச் சோதனை

எல்லாவற்றையும்விட எளியது இது, பார்ப்பவர் மனத்தில் ஆழமாகப் பதிவதும் இதுதான். முதலில் இதைச் செய்துவிட்டால் மற்றவற்றுக்கான ஆர்வம் தானாக வரும்.

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைக்க வேண்டும். கட்டக்கோரையில் விரல் நீளத் துண்டை நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி, இடுக்கியால் பிடித்துப் பாதி நீளம் மட்டும் வெந்நீரில் முக்க வேண்டும். சில நொடிகளில் முக்கிய பாதி பழுப்பிலிருந்து பளிச்சென்ற பச்சைக்கு மாறும். வெளியே எடுத்தால் ஒரே தண்டில் மேல்பாதி பழுப்பு, கீழ்ப்பாதி பச்சை, நடுவில் கோடு போட்டது போன்ற எல்லை. வெந்நீர் புதிதாகப் பச்சை எதையும் சேர்க்கவில்லை. கட்டக்கோரையின் பழுப்பு, ஃபுகோசாந்தின் என்ற ஆரஞ்சு நிறமியிலிருந்து வருகிறது. அந்த நிறமி புரதத்தோடு பிணைந்திருக்கும்வரை பச்சை ஒளியையும் உறிஞ்சுகிறது. அதனால்தான் பச்சை நம் கண்ணுக்கு வருவதில்லை. வெப்பம் பட்டுப் புரதம் குலைந்ததும் ஃபுகோசாந்தின் பச்சையைப் பிடிக்கும் திறனை இழந்துவிடுகிறது. அடியில் இருந்த பச்சையம் தெரிகிறது.

அடுத்து கஞ்சிப்பாசி. அதே முறைதான், ஆனால் 10 முதல் 20 நொடி பிடிக்க வேண்டியிருக்கும். சிவப்பு விலகிப் பச்சை தெரியும். இங்கே மறைத்து நின்றது ஃபைகோஎரித்ரின். இதுவும் புரதத்தோடு சேர்ந்த நிறமிதான், வெப்பம் தாங்காது. ஒரு நிமிடத்துக்கு மேல் கொதிநீரில் போட்டுவைத்தால் பாசி கொழகொழவென்று ஆகும். பாசிக்குள் இருக்கும் கூழ்ப்பொருளான அகர் கரையத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

கரைக்குப் போக முடியாதவர்களுக்குச் சந்தையில் கிடைக்கும் சிவப்புத் தண்டுக்கீரை இருக்கிறது. பத்து இலையைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டால் தண்ணீர் செக்கச்செவேலென்று ஆகி, இலை பச்சையாக மிஞ்சும். ஆனால் இந்தச் சிவப்பு வேறு சாதி. தண்டுக்கீரையின் சிவப்பு பீட்டாலெயின், பீட்ரூட்டில் இருப்பது. அது பிடித்த ஒளி ஒளிச்சேர்க்கைக்குப் போகாது. கஞ்சிப்பாசியின் சிவப்போ தான் பிடித்த ஒளியைப் பச்சையத்திடம் கொடுக்கிறது. உப்பளங்களின் ஓரத்தில் சிவந்து நிற்கும் உமிரிச் செடியும் இந்த விஷயத்தில் தண்டுக்கீரைப் பக்கம்தான்.

சோதனை சரியாக வராவிட்டால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: தண்ணீர் போதிய சூடு இல்லை, அல்லது பாசி ஏற்கெனவே செத்து நிறம் மாறியிருக்கிறது. செத்த கட்டக்கோரை கறுத்திருக்கும், முக்கினாலும் மாறாது.

தாளில் நிறங்களைப் பிரித்தல்

ரஷ்யத் தாவரவியலாளர் மிகயீல் ஸ்வெட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலைச்சாற்றைச் சுண்ணாம்புத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாய் வழியே இறக்கி, பச்சையும் மஞ்சளுமாகத் தனித்தனி வளையங்கள் பிரிவதைக் கண்டார். 1906ல் அந்த முறைக்குக் குரோமட்டோகிராபி என்று பெயர் வைத்தார். நாம் குழாய்க்குப் பதிலாகத் தாளைப் பயன்படுத்துகிறோம்.

ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் வாட்மேன் 1ஆம் எண் வடிதாள், அசிட்டோன் 100 மில்லி, பெட்ரோலியம் ஈதர் 100 மில்லி வாங்க வேண்டும். வாகனத்துக்கு ஊற்றும் பெட்ரோல் இதற்கு மாற்று ஆகாது. இரண்டு கரைப்பானுமே எளிதில் தீப்பற்றும். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் எரியாத, சன்னல் திறந்த அறையில் மட்டுமே செய்ய வேண்டும்.

இலைக்கு முருங்கை, சிறுகீரை, பூவரசு எதுவும் சரி. கரையோரச் செடி என்றால் இலைமேல் உப்புப் படிந்திருக்கும். அதை நல்ல தண்ணீரில் கழுவித் துணியால் ஒற்றி, நிழலில் கால் மணி நேரம் உலரவிட வேண்டும். ஈரம்தான் இந்தச் சோதனையின் முதல் எதிரி.

10 கிராம் இலையைப் பொடியாக நறுக்கி, கல்லுரலிலோ சிறு பீங்கான் உரலிலோ ஒரு சிட்டிகை சுத்தமான மணலும் ஒரு சிட்டிகை ஆப்பசோடாவும் சேர்த்து அரைக்க வேண்டும். மணல் செல்லை உடைக்கும். இலைக்குள் இருக்கும் அமிலம் பச்சையத்தைக் கெடுக்காமல் சோடா காக்கும். 15 மில்லி அசிட்டோனை மூன்று தவணையாக ஊற்றி அரைத்து, மூடிபோட்டு இருட்டில் 10 நிமிடம் வைத்துவிட்டுப் பஞ்சு வழியாக வடிக்க வேண்டும். அடர்பச்சைச் சாறு வரும். வெளிச்சத்தில் வைத்தால் சில மணி நேரத்திலேயே இதன் நிறம் சிதையும். அலுமினியத் தாள் சுற்றிய சீசாவில் வைக்க வேண்டும்.

வடிதாளை 2 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் நீளமாக வெட்டி, வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்து உடனே பயன்படுத்த வேண்டும். நம் கடற்காற்றில் தாள் ஈரம் குடித்துக்கொள்ளும். அப்படிக் குடித்த தாளில் நிறங்கள் ஒன்றோடொன்று இழுபட்டு ஒரே வாலாக வரும். அடியிலிருந்து 2 சென்டிமீட்டர் மேலே பென்சிலால் கோடு போட வேண்டும். பேனா கூடாது, மையும் சேர்ந்து ஏறிவிடும். ஈர்க்குச்சி நுனியைச் சாற்றில் தொட்டு அந்தக் கோட்டின்மேல் மெல்லியதாக இழுத்து, விசிறிக் காற்றில் காயவைத்து, அதே கோட்டின்மேல் மறுபடி இழுக்க வேண்டும். 10 முதல் 15 முறையாவது வேண்டும். பொறுமை இல்லாமல் ஒரே தடவையில் தடிமனாகப் பூசினால் பட்டைகள் பிரியாது.

ஒரு உயரமான கண்ணாடி டம்ளரில் பெட்ரோலியம் ஈதர் 9 பங்கு, அசிட்டோன் 1 பங்கு கலந்து 1 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி, மூடி, ஐந்து நிமிடம் ஆவி நிறையவிட வேண்டும். பிறகு தாளைத் தொங்கவிட வேண்டும். தாளின் நுனி கரைப்பானில் படலாம், சாற்றுக் கோடு முழுகக் கூடாது. முழுகினால் நிறம் எல்லாம் டம்ளருக்குள் கரைந்துவிடும். மூடி வைத்துவிட்டு அசைக்காமல் இருக்க வேண்டும். கரைப்பான் மேல்விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே வந்ததும் எடுத்து, அது வந்து நின்ற இடத்தில் உடனே பென்சில் கோடு போட வேண்டும். சில நிமிடங்களில் அது ஆவியாகி அடையாளம் தெரியாமல் போய்விடும்.

மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டியது இப்படி: உச்சியில் ஆரஞ்சு மஞ்சளாகக் கரோட்டின். அதற்குக் கீழே மஞ்சளாகச் சாந்தோஃபில்கள். அடுத்து நீலமோடிய பச்சையாகப் பச்சையம் ‘ஏ’. அதற்கும் கீழே மஞ்சளோடிய பச்சையாகப் பச்சையம் ‘பி’. கரைப்பான் ஏறிய தூரத்தை 1 என்று வைத்தால் கரோட்டின் சுமார் 0.95, சாந்தோஃபில் 0.71, பச்சையம் ‘ஏ’ 0.65, ‘பி’ 0.45 தூரத்தில் நிற்கும். தாளும் அறையின் சூடும் மாறினால் எண் மாறும், வரிசை பெரும்பாலும் மாறாது. கரோட்டினுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை தெரிந்தால் அது ஃபியோஃபைட்டின், மக்னீசியத்தை இழந்த பச்சையம். சோடா போட மறந்தாலோ பழைய இலையை எடுத்தாலோ இது வரும். கீரைக் குழம்பில் புளி ஊற்றியதும் பச்சை மங்கிப் பழுப்பேறுவதும் இதே காரியம்தான்: அமிலம் பச்சையத்தின் நடுவே இருக்கும் மக்னீசியத்தை வெளியே தள்ளிவிடுகிறது.

இப்போது பாசிகளையும் இதே முறையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பாசியில் தண்ணீர் மிக அதிகம் என்பதால் துணியில் பிழிந்து, நிழலில் அரை மணி உலர்த்தி, 20 கிராம் எடுக்க வேண்டும். உல்வாவின் தாள் முருங்கையின் தாளைப் போலவே வரும், ‘ஏ’யும் ‘பி’யும் இரண்டும் உண்டு. கடல்புல் கிடைத்தால் அதையும் ஓட்டலாம். அது பாசியே இல்லை, பூக்கும் செடி, ஆகவே அதே வரிசை. கட்டக்கோரையில் ‘பி’ இருக்காது. பதிலுக்கு ஃபுகோசாந்தினின் ஆரஞ்சுப் பட்டை வரும், சாற்றுக் கோட்டருகிலேயே நகராமல் வெளிர்பச்சையாகப் பச்சையம் ‘சி’ ஒட்டியிருக்கும். கஞ்சிப்பாசியிலும் ‘பி’ இல்லை. ‘ஏ’யும் மஞ்சள் நிறமிகளும் மட்டும். சிவப்பு எங்கே என்று தேடக் கூடாது. ஃபைகோஎரித்ரின் அசிட்டோனில் கரையாது, சக்கையிலேயே தங்கிவிடும்.

முருங்கை, உல்வா, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி ஆகிய நான்கு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் பார்த்தால், நான்கிலும் தவறாமல் இருப்பவற்றில் பச்சையானது ஒன்றுதான்: பச்சையம் ‘ஏ’. எதிர்வினை மையத்தில் உட்காரும் வேலை அதனுடையது. மற்ற நிறமிகள் ஒளியைப் பிடித்து அதனிடம் சேர்ப்பவை, அல்லது மிகுதி வெயிலிலிருந்து அதைக் காப்பவை.

சிவப்பை வெளியே எடுக்கத் தனி வழி: கருஞ்சிவப்புப் பாசி 10 கிராமை நறுக்கி ஃபிரீசரில் ஒரு இரவு உறையவைத்து, இளக்கி, 30 மில்லி நல்ல தண்ணீர் விட்டு அரைத்து, ஃபிரிட்ஜில் நான்கைந்து மணி நேரம் வைத்து வடிக்க வேண்டும். ரோஜா நிறத் தண்ணீர் வரும். உறைந்து இளகும்போது செல் உடைவதால்தான் நிறமி வெளியேறுகிறது. ஃபிரீசர் வேலையைத் தவிர்த்தால் நிறம் மிக வெளிறியே வரும். பாசி காயவைக்கும் பெண்கள் நல்ல தண்ணீர் தெளித்து வெயிலில் போட்டுப் போட்டுச் சிவப்புப் பாசியை வெள்ளையாக்குகிறார்களே, அங்கே நடப்பதும் இந்த நிறமி கரைவதும் வெயிலில் சிதைவதும்தான்.

பச்சைச் சாறு சிவப்பாக ஒளிர்வது

மீந்த அசிட்டோன் சாற்றைச் சிறு கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருட்டறையில் கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச்சைப் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். சாறு இரத்தச் சிவப்பாக ஒளிரும். பச்சையம் ஒளியைப் பிடித்தது, ஆனால் ஆற்றலைக் கைமாற்ற அருகில் எதிர்வினை மையம் இல்லை. உயிருள்ள இலையில் வேலைக்குப் போயிருக்க வேண்டிய ஆற்றலில் ஒரு பகுதி இங்கே சிவப்பு ஒளியாக வீணாகிறது. முழு இலையின்மேல் அதே டார்ச்சை அடித்தால் ஒளிர்வு கண்ணுக்குத் தெரியாத அளவு குறைவு. இந்த ஒரு வேறுபாட்டை நேரில் பார்த்தால் ஒளிச்சேர்க்கை என்ற சொல்லுக்குப் பொருள் வந்துவிடுகிறது. டார்ச்சைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கக் கூடாது. சாறு மிக அடர்த்தியாக இருந்தால் ஒளிர்வு வெளியே வராமல் உள்ளேயே உறிஞ்சப்படும். அசிட்டோன் விட்டு இளம்பச்சையாக்கிக்கொள்ள வேண்டும்.

எந்த நிறம் எவ்வளவு வேலை செய்கிறது: இலைவட்டச் சோதனை

இதற்குப் பாலக்கீரை போன்ற மெல்லிய, ரோமமில்லாத இலை வேண்டும். உப்பு மண்ணில் வளரும் தடித்த சதைப்பற்றான இலைகள் மூழ்கவே மூழ்காது. 300 மில்லி தண்ணீரில் கால் டீஸ்பூனில் பாதி ஆப்பசோடாவும், பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டும் கலக்க வேண்டும். சோடாதான் இங்கே கரியமில வாயு தரும் பொருள். நரம்பைத் தவிர்த்து, தாளில் துளைபோடும் கருவியால் 10 வட்டங்கள் வெட்ட வேண்டும். ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சில் அவற்றைப் போட்டு, 5 மில்லி கரைசல் இழுத்து, காற்றை வெளியேற்றி, நுனியை விரலால் அடைத்துத் தண்டைப் பின்னால் இழுத்து 10 நொடி பிடித்துவிட வேண்டும். மூன்று நான்கு முறை செய்தால் இலைக்குள் இருந்த காற்று வெளியேறி, கரைசல் உள்ளே புகுந்து, வட்டங்கள் அடியில் போய் உட்காரும்.

அவற்றைக் கரைசல் உள்ள டம்ளரில் கொட்டி, 15 சென்டிமீட்டர் உயரத்தில் எல்இடி விளக்கு வைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை எத்தனை வட்டம் மிதக்கிறது என்று குறிக்க வேண்டும். ஒளிச்சேர்க்கையில் வரும் ஆக்சிஜன் இலைக்குள் தேங்கி அதை மேலே தூக்குகிறது. 5 வட்டம் மிதக்க ஆகும் நேரமே நமக்கு வேண்டிய எண். நேரம் குறைந்தால் வேகம் அதிகம் என்று பொருள். இருட்டில் வைத்த ஒரு டம்ளரும் கட்டாயம் வேண்டும். அதில் எதுவும் மிதக்கக் கூடாது.

சிவப்பு, நீலம், பச்சை எல்இடி விளக்குகளில் தனித்தனியாகச் செய்து ஒப்பிடலாம். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். மூன்று விளக்கும் ஒரே பிரகாசம் என்று கண்ணால் மட்டிட்டுச் சமப்படுத்தினால் கணக்கு முழுக்கத் தவறாகிவிடும். நம் கண் பச்சையைத்தான் மிக அதிகமாக உணரும். ஆகவே கண்ணுக்குச் சமமாகத் தெரியும் பச்சை விளக்கிலிருந்து வரும் ஒளித்துகள்கள் உண்மையில் குறைவு. போனில் இருக்கும் லக்ஸ் செயலியும் கண்ணின் கணக்கையே பின்பற்றுகிறது. ஒரே நிறுவனத்தின் ஒரே வாட் விளக்குகளை ஒரே உயரத்தில் வைப்பது ஓரளவு நியாயமான ஏற்பாடு. வண்ணக் கண்ணாடித்தாள் சுற்றுவது அதைவிட மோசம், பச்சைத்தாள் வழியே மற்ற நிறங்களும் கசியும். குண்டு பல்பு பயன்படுத்தினால் தண்ணீர் சூடேறி, ஒளியின் விளைவா சூட்டின் விளைவா என்று பிரிக்க முடியாமல் போகும்.

பச்சை விளக்கிலும் வட்டங்கள் மிதக்கும். தாமதமாக மிதக்கும், ஆனால் மிதக்கும்.

அயோடின் சோதனையையும் பலர் பாசியில் செய்து பார்த்து ஏமாறுகிறார்கள். இலையில் நீலக்கறுப்பு வருவது மாவுச்சத்தால். கட்டக்கோரை சேமிப்பது லாமினாரின் என்ற வேறு சர்க்கரை, அயோடினுக்கு நிறம் மாறாது. சிவப்புப் பாசியின் மாவுச்சத்து செம்பழுப்பாகவே காட்டும். அதை வைத்துப் பாசியில் ஒளிச்சேர்க்கை இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

கடலுக்குள் நிறம் எதற்கு?

650 நானோமீட்டர் சிவப்பு ஒளியைத் தூய நீர் மீட்டருக்குச் சுமார் 30 சதவீதம் விழுங்குகிறது. 10 மீட்டர் ஆழத்தில் மிஞ்சுவது 3 சதவீதம் அளவுதான். வண்டல் கலங்கிய கரையோர நீரில் நீலமும் சீக்கிரம் தீர்ந்துவிடும். கடைசிவரை இறங்குவது பச்சை. நிலத்துச் செடி அரைகுறையாகப் பிடிக்கும் அந்தப் பச்சையை ஃபைகோஎரித்ரினும் ஃபுகோசாந்தினும் நன்றாகப் பிடிக்கின்றன.

இதிலிருந்து ‘சிவப்புப் பாசி ஆழத்தில், பச்சைப் பாசி மேலே’ என்று ஒரு படம் வரைந்து மாட்டிவிடுவது வழக்கம். நம் கரையே அதை மறுக்கிறது. முழங்கால் ஆழத்தில் மூன்று நிறமும் சேர்ந்தே வளர்கின்றன. நிறத்தோடு, பாசியின் தடிமன், நிறமியின் அளவு, மேய்கிற மீன், அலையின் வேகம் எல்லாம் சேர்ந்துதான் இடத்தைத் தீர்மானிக்கின்றன.

மஞ்சளாகும் இலைக்கு

பச்சையத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தபின் அதைத் தோட்டத்தில் பயன்படுத்தாமல் விடக் கூடாது. முதிர்ந்த அடியிலை முழுதும் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. அடியிலையில் நரம்பு பச்சையாக இருக்க நடுப்பகுதி மஞ்சளானால் மக்னீசியக் குறைவு. ஒரு லிட்டருக்கு 10 கிராம் மக்னீசியம் சல்பேட் கரைத்துத் தெளிக்கலாம். புதுக் கொழுந்து நரம்பு பச்சையாகவும் மற்ற இடம் வெளிர்மஞ்சளாகவும் வந்தால் இரும்புக் குறைவு. சங்கும் பவளத்தூளும் கலந்த சுண்ணாம்பு மணலில் இதுவே அதிகம் வரும். மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத்தன்மையால் வேருக்குக் கிடைக்காது. பச்சையத்துக்குள் இரும்பு இல்லை, ஆனால் பச்சையத்தைச் செய்யும் வழியில் அது வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்பேட்டும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, அன்றே, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இருபுறமும் நனையத் தெளிக்க வேண்டும். சிட்ரிக் அமிலம் சேர்க்காவிட்டால் கரைசல் துருநிறமாகி இரும்பு வீணாகும். இருவார இடைவெளியில் மறுபடி தெளித்துப் புதுக்கொழுந்தைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே மஞ்சளான பழைய இலையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

மிஞ்சிய அசிட்டோனையும் ஈதரையும் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். அகலத் தட்டில் ஊற்றி, நெருப்பு எதுவும் அருகில் இல்லாத திறந்தவெளியில், பிள்ளைகள் எட்டாத இடத்தில் ஆவியாகவிட்டு, தட்டை மறுநாள் கழுவிக்கொள்ளலாம்.